ரெண்டு மேட்ச் தோத்த டீம் சாம்பியன் ஆனது எப்படி? ஓஹியோ ஸ்டேட்டோட 2024 சீசன், அடிப்படையில இருந்து

2025 ஜனவரி 20 ராத்திரி அட்லாண்டாவுல ஓஹியோ ஸ்டேட் யூனிவர்சிட்டி, நோட்டர் டேம் யூனிவர்சிட்டிய 34-23னு ஜெயிச்சு அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் சாம்பியன் ஆச்சு. செய்தியா பார்த்தா ஒரு வரிதான். ஆனா உள்ள போய் படிச்சவங்களுக்கு தலை சுத்தியிருக்கும். ஏன்னா இதே டீம் சீசன்ல ரெண்டு மேட்ச் தோத்துருக்கு, அதுல ஒண்ணு சொந்த ஊர்ல, பரம எதிரிகிட்ட. அவங்க கான்ஃபரன்ஸ், அதாவது அவங்க ஆடுற குழுவோட ஃபைனலுக்கே போகல. 13 மேட்ச் ஆடி ஒண்ணுகூட தோக்காத ஒரேகான் வெறுங்கையோட வீட்டுக்குப் போச்சு. போதாததுக்கு, படிக்கிற பசங்க ஆடுற டீமுக்கு 2 கோடி டாலர் செலவுன்னு வேற போட்டிருந்தாங்க.

இது எதுவும் தற்செயலா நடந்ததில்ல. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு ரூல் இருக்கு, அந்த ரூல் அப்படி வந்ததுக்கு ஒரு கதை இருக்கு.

முதல்ல ஆட்டம் என்னன்னு தெரிஞ்சுக்கணும்

தெரிஞ்சவங்க இந்தப் பகுதிய தாண்டிப் போயிடலாம்.

1. ரெண்டு பக்கமும் 11 பேர். மைதானம் 100 யார்டு, ரெண்டு முனையிலயும் எண்ட் ஸோன்னு ஒரு பட்டை. பந்தை அங்க கொண்டு சேர்த்தா டச்டவுன், 6 பாயிண்ட்.

2. பந்து கையில இருக்கிற டீமுக்கு நாலு முயற்சி, அதுக்குப் பேரு டவுன். நாலு டவுனுக்குள்ள 10 யார்டு முன்னேறிட்டா திரும்ப நாலு புதுசா கிடைக்கும், முன்னேறலன்னா பந்து எதிராளிக்குப் போயிடும். கமெண்ட்ரில "தேர்டு அண்ட் லெவன்"னு சொன்னா மூணாவது முயற்சி, இன்னும் 11 யார்டு வேணும்னு அர்த்தம்.

3. டச்டவுனுக்கு அப்புறம் ஒரு போனஸ் உண்டு. காலால உதைச்சு கம்பத்துக்கு நடுவுல அனுப்பினா 1, இல்ல ரிஸ்க் எடுத்து இன்னொரு தடவை எண்ட் ஸோனுக்குள்ள போனா 2. டச்டவுன் வராதுன்னு தோணினா தூரத்துல இருந்தே உதைச்சு 3 பாயிண்ட் எடுத்துக்கலாம், அது ஃபீல்டு கோல்.

4. அப்போ ஒரு தடவை பந்து கைக்கு வந்தா அதிகபட்சம் எடுக்க முடியறது 8 பாயிண்ட். இந்த எட்டை ஞாபகம் வச்சுக்கோங்க, ஃபைனலோட கடைசி ரெண்டு நிமிஷம் முழுக்க இந்தக் கணக்குலதான் ஓடுச்சு.

5. அட்டாக் பண்ற 11 பேரும் தடுக்கிற 11 பேரும் வேற வேற ஆளுங்க. அட்டாக்ல தலைவன் குவாட்டர்பேக், பந்தை எறியறவன். அவன் எறியறதுக்கு முன்னாடியே அவனை அமுக்கிட்டா அது சாக்.

லீக் ஏன் இவ்ளோ குழப்பம்?

2024ல டாப் டிவிஷன்ல மட்டும் 134 காலேஜ் டீம் இருந்துச்சு. ரெகுலர் சீசன்ல ஒரு டீம் ஆடுறது 12 மேட்ச்தான், இந்த ஆட்டத்துல விழற அடிக்கு வாரம் ஒரு மேட்சுக்கு மேல உடம்பு தாங்காது. 12 மேட்ச் ஆடி 134 டீம்ல யாரு பெரியவன்னு எப்படி சொல்றது? எல்லாரும் எல்லாரோடயும் மோதுற ஐபிஎல் மாதிரி பாயிண்ட்ஸ் டேபிள் போடவே முடியாது. டீமுங்க கான்ஃபரன்ஸ்னு குழு குழுவா பிரிஞ்சு பெரும்பாலும் தங்களுக்குள்ளயே ஆடிக்கிறாங்க. ஓஹியோ ஸ்டேட் இருக்கிறது பிக் டென்ல. பேருதான் டென், 2024ல 18 டீம் அதுல. நோட்டர் டேம் எந்த கான்ஃபரன்ஸ்லயும் சேராம தனிக்காட்டு ராஜா.

அதனால சாம்பியன் யாருங்கிறது இங்க எப்பவுமே கொஞ்சம் "அபிப்ராய" விஷயமாதான் இருந்து வந்திருக்கு. ரொம்ப காலம் பத்திரிகைக்காரங்களும் கோச்சுங்களும் ஓட்டுப் போட்டு சாம்பியனை சொன்னாங்க, சில வருஷம் ரெண்டு ஓட்டெடுப்புல ரெண்டு சாம்பியன் வந்த கூத்தும் உண்டு. 1998 சீசன்ல இருந்து ஓட்டையும் கம்ப்யூட்டர் ரேங்கிங்கையும் சேர்த்து டாப் ரெண்டு டீமை ஃபைனல்ல மோதவிட்டாங்க. மூணாவதா நின்னவங்க வருஷா வருஷம் சண்டைக்கு வந்ததால 2014ல அதை நாலு டீமாக்கினாங்க, அப்புறம் அஞ்சாவதா நின்னவங்க சண்டைக்கு வந்தாங்க. 2024ல 12 டீம் ஆச்சு. யாரு அந்த 12ங்கிறத 13 பேர் கொண்ட ஒரு கமிட்டி முடிவு பண்ணும்.

நாலு டீம் பிளேஆஃப் வந்த முதல் வருஷமும் சாம்பியன் ஓஹியோ ஸ்டேட்தான், அப்பவும் நாலாவது இடத்துல தொத்திக்கிட்டு உள்ள வந்து ஜெயிச்சாங்க. 12 டீம் வந்த முதல் வருஷமும் அவங்களே. புது வீட்டுக்கு முதல்ல பால் காய்ச்சறது இவங்கதான் போல.

சீட் கணக்கு: 6ஆம் ரேங்க் எப்படி 8ஆம் சீட் ஆச்சு

பெரும்பாலானவங்க குழம்பினது இங்கதான், அதனால மெதுவா போவோம். சீட்டுங்கிறது பிளேஆஃப் அட்டவணையில ஒரு டீமுக்கு கொடுக்கிற வரிசை எண். கமிட்டி டிசம்பர் 8, 2024ல வெளியிட்ட கடைசி ரேங்கிங்:

1. ஒரேகான்
2. ஜார்ஜியா
3. டெக்சாஸ்
4. பென் ஸ்டேட்
5. நோட்டர் டேம்
6. ஓஹியோ ஸ்டேட்

பிளேஆஃப் அட்டவணை அப்படியே இந்த வரிசையில வரல. அந்த வருஷ ரூல்படி முதல் நாலு சீட் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு மட்டும்தான், அவங்களுக்கு முதல் ரவுண்டு ஆடவேண்டாம், நேரா கால் இறுதி. இதுக்குப் பேரு பை. ஒரேகானும் ஜார்ஜியாவும் சாம்பியனுங்க, அதனால 1, 2ல அப்படியே இருந்தாங்க. டெக்சாஸும் பென் ஸ்டேட்டும் கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல தோத்தவங்க. அதனால 9ஆம் ரேங்க்ல இருந்த பாய்சி ஸ்டேட் தூக்கி 3ஆம் சீட்டுக்கு வந்துச்சு, 12ஆம் ரேங்க்ல இருந்த அரிசோனா ஸ்டேட் 4ஆம் சீட்டுக்கு வந்துச்சு. 3ல இருந்து 8ஆம் ரேங்க் வரை இருந்தவங்க எல்லாரும் ரெண்டு படி கீழ இறங்கினாங்க, டெக்சாஸ் 5, பென் ஸ்டேட் 6, நோட்டர் டேம் 7, ஓஹியோ ஸ்டேட் 8.

இதுல யாருக்கு நஷ்டம்? ஒரேகானுக்குத்தான். 1ஆம் சீட் கால் இறுதியில மோதவேண்டியது 8க்கும் 9க்கும் நடக்கிற மேட்ச்ல ஜெயிக்கிறவங்களோட. அதாவது சீசன் முழுக்க ஒரு மேட்ச்கூட தோக்காம முதல் இடம் பிடிச்சதுக்குப் பரிசா, நாட்டுலயே பலமான டீம்ல ஒண்ணோட முதல் மேட்ச்லயே மோதுற பாக்கியம். அரிசோனா ஸ்டேட் பக்கமோ பாய்சி ஸ்டேட் பக்கமோ விழுந்த டீமுங்களுக்கு பாதை எவ்வளவோ லேசு. அடுத்த வருஷமே இந்த ரூலை தூக்கிட்டு ரேங்க் எதுவோ அதுவே சீட்டுன்னு மாத்திட்டாங்க.

இன்னொரு விஷயமும் அந்த ரேங்கிங்லயே இருக்கு. பழைய நாலு டீம் முறை இருந்திருந்தா உள்ள போயிருக்கப்போறது ஒரேகான், ஜார்ஜியா, டெக்சாஸ், பென் ஸ்டேட். ஃபைனல் ஆடின ரெண்டு டீமும், அஞ்சாவதும் ஆறாவதும், வீட்ல உட்கார்ந்து டிவி பார்த்திருப்பாங்க.

அந்த ரெண்டு தோல்வி

சீசன்ல பாதி மேட்ச் பேச ஒண்ணுமில்ல. ஏக்ரனை 52-6, வெஸ்டர்ன் மிச்சிகனை 56-0ன்னு பெரிய டீம் சின்ன டீமை சாத்துற வழக்கமான சமாச்சாரம். பேசவேண்டியது நாலு மேட்ச்.

அக்டோபர் 12, ஒரேகான் ஊர்ல, 31-32 தோல்வி. கடைசி 10 செகண்ட்ல பந்து ஓஹியோ ஸ்டேட் கையில, இன்னும் கொஞ்சம் முன்னேறினா ஃபீல்டு கோல் உதைச்சு ஜெயிச்சிடலாம். அந்த நேரம் ஒரேகான் தடுக்கிறதுக்கு 11 பேருக்கு பதிலா 12 பேரை நிறுத்துச்சு. தப்புதான், 5 யார்டு பெனால்டி கொடுத்தாங்க. ஆனா அந்த முயற்சியில ஓடின 4 செகண்ட் ஓடினது ஓடினதுதான். ஒரு ஆள் கூடுதலா நின்னதால பாஸ் போகல, நேரமும் போச்சு, 5 யார்டு கொடுத்து 4 செகண்டை வாங்கின மாதிரி. மிச்சம் 6 செகண்ட்ல ஓஹியோ ஸ்டேட் குவாட்டர்பேக் வில் ஹவர்ட் பந்தோட ஓடி கீழ சறுக்கி உட்கார்றதுக்குள்ள கடிகாரம் பூஜ்யம். ரூல் புத்தகத்துல இருந்த ஓட்டை அது, அடுத்த சில நாள்லயே அடைச்சிட்டாங்க, இனிமே கடைசி ரெண்டு நிமிஷத்துல இப்படி பண்ணா நேரத்தையும் திருப்பி வாங்கிக்கலாம். ஆனா போன மேட்ச் போனதுதானே.

நவம்பர் 2, பென் ஸ்டேட் ஊர்ல 20-13 வெற்றி. நாலாவது குவாட்டர்ல, அதாவது ஆட்டத்தோட கடைசி கால் பகுதியில, பென் ஸ்டேட் 3 யார்டு தூரத்துக்கு வந்துட்டு நாலு முயற்சியிலயும் உள்ள போக முடியல. இந்த டீமோட தடுப்பு எந்த ரகம்னு அப்பதான் தெரிஞ்சுது. சீசன் முடியறப்போ சராசரியா மேட்சுக்கு 12.9 பாயிண்ட் மட்டும் கொடுத்து டாப் டிவிஷன்லயே முதல் இடம். மூணு வாரம் கழிச்சு, அதுவரை பத்துக்குப் பத்து ஜெயிச்சு வந்த இண்டியானாவை 38-15ன்னு அனுப்பிவச்சாங்க.

அடுத்து வந்துச்சு நவம்பர் 30, மிச்சிகன்.

இந்தப் பகை 1897ல ஆரம்பிச்சது, அந்த ஊர்ல இந்த மேட்சுக்கு தனிப்பேரே கிடையாது, வெறும் "தி கேம்"தான். 2021ல இருந்து தொடர்ந்து மூணு வருஷம் மிச்சிகன்கிட்ட தோத்திருந்தாங்க. அதுவும் 2023ல மிச்சிகன் ஓஹியோ ஸ்டேட்டையும் அடிச்சு அந்த வருஷ சாம்பியனும் ஆச்சு, எரியற தீயில எண்ணெய். 2024ல நிலைமை தலைகீழ், மிச்சிகன் 6 வெற்றி 5 தோல்வின்னு தள்ளாடிக்கிட்டு வந்துச்சு. மேட்ச் கொலம்பஸ்ல, ஒரு லட்சம் பேருக்கு மேல உட்கார்ற சொந்த ஸ்டேடியத்துல. கிட்டத்தட்ட 20 பாயிண்ட் வித்தியாசத்துல ஓஹியோ ஸ்டேட் ஜெயிக்கும்னு கணிப்பு.

முடிவு: மிச்சிகன் 13, ஓஹியோ ஸ்டேட் 10.

காரணம் என்ன? மிச்சிகனோட பலமே நடுவுல நிக்கிற ரெண்டு மலை மாதிரியான தடுப்பாளர்கள். ஓஹியோ ஸ்டேட்டோட பலம் ஓரத்துல ஓடிப் பிடிக்கிற ஜெரமையா ஸ்மித்தும் எமேகா எக்புகாவும். ஏற்கனவே குவாட்டர்பேக்கை காக்கிற வரிசையில லெஃப்ட் டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் ஒரேகான் மேட்ச்ல அடிபட்டு வெளிய, சென்டர் செத் மெக்லாக்லின் நவம்பர்ல குதிகால் தசைநார் அறுந்து வெளிய. அப்படி ஒட்டுப்போட்ட வரிசைய வச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப நடுவுலயே முட்டினாங்க, ஓடி எடுத்தது மொத்தம் 77 யார்டு. பந்தை எறிஞ்சப்போ ரெண்டு தடவை எதிராளி பிடிச்சான், ரெண்டு ஃபீல்டு கோல் மிஸ். மிச்சிகனை உடம்பு பலத்துலயே ஜெயிச்சுக் காட்டணும்ங்கிற வீம்பு மூளைய மறைச்சிடுச்சுன்னுதான் சொல்லணும். மேட்ச் முடிஞ்சதும் மிச்சிகன் பசங்க மைதான நடுவுல கொடி நட வந்து கைகலப்பாகி போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே அடிச்சது, ரெண்டு காலேஜுக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது எல்லாம் அப்புறம் நடந்த கூத்து.

இந்தத் தோல்வியால கான்ஃபரன்ஸ் ஃபைனல் வாய்ப்பு போச்சு, அந்த இடத்துக்கு பென் ஸ்டேட் போச்சு. கோச் ரையன் டேவை தூக்கணும்னு ஊரே பேசுச்சு.

டீம் எப்படி சேர்ந்துச்சு: பணமும் போர்ட்டலும்

மூணு விஷயம் ஒண்ணா சேர்ந்ததுதான் இந்த டீம்.

1. என்ஐஎல் (நேம், இமேஜ், லைக்னஸ்). காலேஜ் வீரர்கள் அமெச்சூர், அவங்களுக்கு ஸ்காலர்ஷிப் தவிர காசு கொடுக்கக்கூடாதுன்னு ரொம்ப காலம் ரூல். டிவி கம்பெனிகிட்ட பிக் டென் மட்டும் 2023ல இருந்து ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல வாங்குது, ஆடுறவனுக்கு ஒண்ணும் இல்லன்னா எப்படி? 2021 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்குல 9-0ன்னு காலேஜ் விளையாட்டு அமைப்பான என்சிஏஏவுக்கு எதிரா தீர்ப்பு கொடுத்துச்சு. அந்த வழக்கு நேரா கேட்டது படிப்பு சம்பந்தமான சலுகைகளைத்தான், ஆனா காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு புரிஞ்சுபோய் ஜூலை 1ல இருந்து வீரர்கள் தங்களோட பேரு, முகம் இதையெல்லாம் வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு விட்டுட்டாங்க. நடைமுறையில என்ன ஆச்சுன்னா பழைய மாணவர்களும் பணக்கார ரசிகர்களும் நிதி திரட்டி "விளம்பர ஒப்பந்தம்"ங்கிற பேர்ல வீரர்களுக்கு கொடுக்க ஆரம்பிச்சாங்க. பேருக்குத்தான் விளம்பரம், விஷயம் சம்பளம்தான். 2024 டீமுக்கு சுமார் 2 கோடி டாலர்னு சொன்னது யாரோ இல்ல, ஓஹியோ ஸ்டேட்டோட விளையாட்டுத் துறை இயக்குநர் ராஸ் பியோர்க்கே சொன்னது.

2. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். முன்னாடி ஒரு வீரர் காலேஜ் மாறினா ஒரு வருஷம் ஆடாம வெளிய உட்காரணும். 2021ல ஒரு தடவை மாறினா பரவாயில்லன்னாங்க, 2024ல படிப்புல பாஸ் ஆனா எத்தனை தடவை வேணா மாறலாம்னு ஆச்சு. போர்ட்டல்ங்கிறது மாற விரும்பறவங்க பேர் இருக்கிற ஒரு லிஸ்ட், பேர் வந்ததும் மத்த காலேஜ்கள் கூப்பிடலாம். குவாட்டர்பேக் ஹவர்ட் கான்சாஸ் ஸ்டேட்ல இருந்து வந்தார், பந்தோட ஓடுற குவின்ஷான் ஜட்கின்ஸ் ஓல் மிஸ்ல இருந்து, தடுப்புல பின்னாடி நிக்கிற கேலப் டவுன்ஸும் சென்டர் மெக்லாக்லினும் அலபாமாவுல இருந்து.

3. போகாம நின்னவங்க. இதைத்தான் பலரும் கவனிக்கல. ஜாக் சாயர், ஜேடி டுயிமொலாவ், எக்புகா, ட்ரேவியான் ஹெண்டர்சன், டோனவன் ஜாக்சன் இவங்க எல்லாம் 2024 தொடக்கத்துலயே என்எஃப்எல் புரொஃபஷனல் லீக்குக்கு போயிருக்கலாம். போகல. 2021ல காலேஜ்ல சேர்ந்த இந்த பேட்ச்ல ஒருத்தர்கூட மிச்சிகனை ஜெயிச்சதே கிடையாது, அந்த ரோஷம் ஒரு காரணம். என்ஐஎல் காசு இருந்ததால நிக்கிறதுல பெரிய நஷ்டமும் இல்ல, அது இன்னொரு காரணம். பணம் வெளிய இருந்து ஆளை இழுக்கத்தான் பயன்படுதுன்னு நினைக்கிறோம், இங்க உள்ள இருக்கிறவனை நிறுத்தி வைக்கவும் அதே பணம்தான் உதவுச்சு. 2025 டிராஃப்ட்ல, அதாவது என்எஃப்எல் டீமுங்க வரிசையா காலேஜ் வீரர்களை தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சியில, இந்த ஒரு டீம்ல இருந்து 14 பேரை என்எஃப்எல் எடுத்துச்சு, அதுல நாலு பேர் முதல் ரவுண்டுலயே.

இவங்களோட ஹைஸ்கூல் முடிச்சு நேரா வந்த ஸ்மித்தும் சேர்ந்தார். முதல் வருஷத்துலயே 76 கேட்ச், 1,315 யார்டு, 15 டச்டவுன்.

2025 ஜூன்ல இன்னொரு வழக்குல சமரசம் ஆகி, இப்போ காலேஜே நேரடியா வீரர்களுக்கு காசு கொடுக்கலாம்னு ஆயிடுச்சு, 2025-26க்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு காலேஜுக்கு 2.05 கோடி டாலர் உச்சவரம்பு. அதாவது அதுவரை சுத்தி வளைச்சு கொடுத்ததை இப்போ வாசல் வழியாவே கொடுக்கறாங்க.

நாலு மேட்ச், ஒரு மாசம்

மிச்சிகன் மேட்சுக்கும் முதல் பிளேஆஃப் மேட்சுக்கும் நடுவுல மூணு வாரம் இடைவெளி கிடைச்சுது. கார்டா ஆடிக்கிட்டிருந்த ஜாக்சனை லெஃப்ட் டாக்கிளுக்கு ஏற்கனவே நகர்த்தியிருந்தாங்க, அவர் அதுல செட் ஆயிட்டார். முட்டி மோதுறதை விட்டுட்டு பந்தை எறிய ஆரம்பிச்சாங்க. அட்டாக்குக்கு பொறுப்பான சிப் கெல்லி யுசிஎல்ஏ யூனிவர்சிட்டியில தலைமை கோச் வேலைய விட்டுட்டு இங்க ஒரு படி கீழ வந்து சேர்ந்தவர், அவர் கையில இருந்த வித்தை எல்லாம் இந்த ஒரு மாசத்துலதான் முழுசா வெளிய வந்துச்சு.

டிசம்பர் 21, டென்னசி, 42-17. கொலம்பஸ்ல நடந்த மேட்ச், ஆனா எதிராளி ஆரஞ்சு நிறம் கேலரி முழுக்க தெரிஞ்சுது, சொந்த ரசிகர்களே டிக்கெட்டை வித்துட்டாங்க, அவ்ளோ கோவம். முதல் குவாட்டர் முடியறப்போ 21-0.

ஜனவரி 1, ரோஸ் பவுல்ங்கிற பேர்ல நடந்த கால் இறுதி, ஒரேகான், 41-21. ஸ்கோரைப் பார்த்தா புரியாது, ஒரு கட்டத்துல 34-0. ஸ்மித் 7 கேட்ச், 187 யார்டு. ஒரேகான் குவாட்டர்பேக்கை 8 தடவை சாக் பண்ணாங்க, ஒரேகான் ஓட்டத்துல எடுத்த மொத்தம் மைனஸ் 23 யார்டு. மைனஸ் எப்படின்னா, காலேஜ் கணக்குல சாக்ல இழக்கிற தூரத்தையும் ஓட்டத்துலயே கழிப்பாங்க.

ஜனவரி 10, காட்டன் பவுல்ங்கிற பேர்ல நடந்த அரை இறுதி, டெக்சாஸ், 28-14. நாலுல இதுதான் கஷ்டமான மேட்ச். டெக்சாஸ் ஸ்மித்தை கட்டிப்போட்டுச்சு, மேட்ச் முழுக்க ஒரே கேட்ச், 3 யார்டு. 21-14ன்னு இருக்கிறப்போ டெக்சாஸ் 1 யார்டு தூரத்துல, கையில நாலு முயற்சி. ரெண்டாவது முயற்சியில நேரா முட்டாம பக்கவாட்டுல பந்தைத் தள்ளி ஓடப்பார்த்து 7 யார்டு பின்னாடி போனாங்க. நாலாவது முயற்சியில சாயர் உள்ள புகுந்து குவாட்டர்பேக் குவின் யுவர்ஸ் கையில இருந்து பந்தைத் தட்டி, தானே எடுத்து, 83 யார்டு ஓடி டச்டவுன். யுவர்ஸ் டெக்சாஸுக்கு போறதுக்கு முன்னாடி 2021ல ஓஹியோ ஸ்டேட்ல இருந்தவர், சாயரோட ரூம்மேட். போர்ட்டல் காலத்துல இந்த மாதிரி கதை நிறைய பார்க்கலாம்.

ஜனவரி 20, ஃபைனல். நோட்டர் டேம் முதல் தடவை பந்தை வாங்கி 18 முயற்சி, 9 நிமிஷம் 45 செகண்ட் எடுத்து டச்டவுன் போட்டுச்சு. எதிராளி அட்டாக்கை மைதானத்துக்குள்ளயே விடக்கூடாதுங்கிறது திட்டம், நல்ல திட்டம்தான். ஆனா ஓஹியோ ஸ்டேட் அதுக்கப்புறம் வரிசையா நாலு தடவை பந்து வந்தப்போ நாலுலயும் டச்டவுன், ஹவர்ட் முதல் 13 பாஸும் சரியா போய் சேர்ந்துச்சு. மூணாவது குவாட்டர்ல 31-7. முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைச்சப்போ நோட்டர் டேம் ரெண்டு டச்டவுன், ரெண்டுலயும் 2 பாயிண்ட் போனஸும் எடுத்து 31-23க்கு வந்துடுச்சு.

வித்தியாசம் 8. முன்னாடி சொன்ன அந்த எட்டு. ஒரு தடவை பந்து கிடைச்சா சமன். ஓஹியோ ஸ்டேட்டுக்கு தேர்டு அண்ட் லெவன். பயந்து ஓடி நேரத்தைக் கடத்திட்டு பந்தை உதைச்சு அனுப்பியிருக்கலாம், நவம்பர் 30 அன்னைக்கு இருந்த டீமா இருந்தா அதைத்தான் பண்ணியிருக்கும். இங்க ஹவர்ட் பந்தை ஸ்மித்துக்கு தூக்கி எறிஞ்சார், 56 யார்டு. அங்க இருந்து ஒரு ஃபீல்டு கோல், 34-23. வித்தியாசம் 11 ஆனதால இப்போ நோட்டர் டேமுக்கு ரெண்டு தடவை பந்து வேணும், இருக்கிறது 26 செகண்ட். அவ்ளோதான். அந்த உதையை போட்டது ஜெய்டன் ஃபீல்டிங், மிச்சிகன் மேட்ச்ல ரெண்டு மிஸ் பண்ண அதே பையன்.

இது நியாயமான சாம்பியன்ஷிப்பா?

மறுப்பு சொல்றவங்க சொல்றது ரெண்டு.

1. ரெண்டு தோல்வியோட சாம்பியனா? இது புதுசு இல்ல. 2007 சீசன்ல எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி) ரெண்டு தோல்வியோட சாம்பியன் ஆச்சு, அந்த ஃபைனல்ல 38-24ன்னு தோத்தது யாருன்னு பார்த்தா, இதே ஓஹியோ ஸ்டேட். 2024ல அவங்க பிளேஆஃப்ல எடுத்தது 145 பாயிண்ட், கொடுத்தது 75. சீசன் முடிஞ்ச அப்புறம் வந்த ஏபி செய்தி நிறுவனத்தோட ரேங்கிங்ல 2, 3, 4, 5ஆம் இடத்துல இருந்த நோட்டர் டேம், ஒரேகான், டெக்சாஸ், பென் ஸ்டேட் நாலு பேரையும் ஜெயிச்ச டீம் இது. ரூல் கதவைத் திறந்து விட்டுச்சு, உள்ள வந்து அடிச்சது அவங்க. என்னைக் கேட்டா இதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல.

2. அப்போ ரெகுலர் சீசனுக்கு மதிப்பு என்ன? இந்தக் கேள்வில நியாயம் இருக்கு. முன்னாடி எல்லாம் மிச்சிகன்கிட்ட தோத்தா பெரும்பாலும் சீசனே காலி, அந்த பயம்தான் அந்த மேட்சோட உயிர். இப்போ தோத்தாலும் அடுத்த மாசம் வாய்ப்பு உண்டு. பிளேஆஃப் பெருசாக பெருசாக நவம்பர் மாசம் சின்னதாகும், இதைத் தடுக்க வழி இருக்கிற மாதிரி தெரியல.

பை வாங்கின டீமுங்களோட நிலைமை தனிக்கதை. 2024ல பை கிடைச்ச நாலு டீமும் முதல் மேட்ச்லயே காலி. டிசம்பர் 7ல கான்ஃபரன்ஸ் ஃபைனல் ஆடின ஒரேகான் அடுத்து மைதானத்துல இறங்கினது 25 நாள் கழிச்சு. சீட் முறைதான் தப்புன்னு மாத்தினாங்களே, 2025 சீசன்லயும் பை வாங்கின நாலுல மூணு முதல் மேட்ச்லயே தோத்துச்சு, தப்பிச்சது அந்த வருஷ சாம்பியன் இண்டியானா மட்டும். எட்டுல ஏழு. ஓய்வு உடம்புக்கு நல்லது, ஆட்ட வேகத்துக்கு நல்லதில்லன்னு ஒரு வாதம் ஓடிக்கிட்டிருக்கு. ரெண்டே வருஷத்தை வச்சு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா பை வாங்கின கோச் யாரும் இப்போ நிம்மதியா தூங்க மாட்டாங்க.

ரையன் டேவை தூக்கணும்னு சொன்ன அதே ஊர்ல அவருக்கு வருஷத்துக்கு சராசரி 1.25 கோடி டாலர்னு புது ஒப்பந்தம் போட்டாங்க. 2025 சீசன்ல அவர் டீம் ரெகுலர் சீசன் 12 மேட்சும் ஜெயிச்சுது, மிச்சிகனை அவங்க ஊர்லயே போய் 27-9ன்னு அடிச்சு நாலு வருஷக் கடனைத் தீர்த்தாங்க. கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல இண்டியானாகிட்ட 13-10ன்னு தோத்தாங்க, இருந்தாலும் பை கிடைச்சுது. அப்புறம் டிசம்பர் 31 அன்னைக்கு மயாமிகிட்ட 24-14ன்னு தோத்து முதல் மேட்ச்லயே வெளிய.